எந்த மனச்சோர்வு? ஓஷெராஃப் நிகழ்வு: ஓர் ஆய்வு

1979 ஜனவரி 2 அன்று அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், ராக்வில் என்ற ஊரிலிருந்த செஸ்ட்நட் லாட்ஜ் மனநல மருத்துவமனையில் ஒரு மருத்துவர் நோயாளியாகச் சேர்ந்தார். பெயர் ரஃபேல் ஓஷெராஃப். வயது நாற்பதைக் கடந்திருந்தது. சிறுநீரக மருத்துவர்; பக்கத்து மாநிலமான வர்ஜீனியாவில் டயாலிசிஸ் சிகிச்சைத் தொழிலைச் சொந்தமாக நடத்தி நன்றாகச் சம்பாதித்தவர். லாட்ஜில் ஏழு மாதம் இருந்தார். அதன்பின் அவர் தொடுத்த வழக்கு அமெரிக்க மனநல மருத்துவர்களை இரண்டு அணிகளாகப் பிரித்தது. பேச்சா மாத்திரையா என்ற சண்டையாகவே அந்தக் கதை இன்றுவரை சொல்லப்பட்டு வருகிறது.

அந்தச் சண்டையை நான் இங்கே பெரிதாக எடுக்கப் போவதில்லை. ஓஷெராஃபுக்கு மனச்சோர்வு இருந்தது என்பதில் இரு தரப்புக்கும் ஐயமே இருக்கவில்லை. எந்த வகை மனச்சோர்வு, அதற்கும் அவருடைய சுபாவத்துக்கும் என்ன உறவு, இரண்டில் எதை முதலில் கையில் எடுப்பது என்ற இடத்தில்தான் வண்டி தடம் புரண்டது. மனச்சோர்வு 'இருக்கிறதா, இல்லையா' என்று கேட்டு முடித்ததும் நோயறிதல் முடிந்துவிட்டதாக நினைக்கும் பழக்கம் நம் புறநோயாளிப் பிரிவுகளிலும் இருக்கிறது. அதனால்தான் நாற்பதாண்டு பழைய இந்த நிகழ்வை ஒரு வழக்காக அல்லாமல் ஒரு நோய்க்குறிப்பேடாக எடுத்துப் படிக்கிறேன். இங்கே வரும் விவரங்கள் எல்லாம் வழக்கின் வழியாகவும், 1990இல் அமெரிக்க மனநல மருத்துவ இதழில் நடந்த விவாதத்தின் வழியாகவும் பொதுவெளிக்கு வந்தவை.

நோய் வரலாறு

லாட்ஜுக்கு வருவதற்கு முன்பே, வளர்ந்த பருவத்தில் அவருக்குச் சோர்வும் பதற்றமும் குறுகிய காலத்துக்கு வந்து போயிருந்தன. அப்போதெல்லாம் மருத்துவமனையில் தங்க வேண்டிய தேவை ஏற்படவில்லை. கடைசி இரண்டு ஆண்டுகளில் பெயர்பெற்ற ஒரு மனநல மருந்து நிபுணரிடம் சிகிச்சை பெற்றார். ட்ரைசைக்ளிக் என்ற பழைய வகை மனச்சோர்வு மாத்திரை கொடுக்கப்பட்டது, ஓரளவு தேறினார். ஆனால் சொன்ன டோஸைச் சொன்னபடி தொடரவில்லை என்று மருத்துவமனைக் குறிப்பு சொல்கிறது. நிலைமை மோசமடைந்தது, உள்நோயாளியாகச் சேரும்படி அறிவுறுத்தப்பட்டார்.

இந்த நாலைந்து வரிகளுக்குள் மூன்று தடயங்கள் இருக்கின்றன. முதலாவது, இது முதல் தாக்குதல் இல்லை. முன்பும் வந்து, விட்டுப் போன நோய். இரண்டாவது, மருந்துக்கு உடல் ஓரளவு இணங்கியிருக்கிறது. மூன்றாவது, அந்த மருந்து முழுமையாகச் சோதித்துப் பார்க்கப்படவே இல்லை. இமிப்ரமின் போன்ற ஒரு ட்ரைசைக்ளிக் மருந்தை நாளுக்கு 150 மில்லிகிராமுக்குக் குறையாமல், நான்கு முதல் ஆறு வாரமாவது விடாமல் கொடுத்த பிறகுதான் அது பலிக்கவில்லை என்று சொல்ல முடியும். மருந்து தோற்றதா, மருந்து போய்ச் சேரவே இல்லையா என்ற கேள்விக்கு விடை எழுதாமல் 'மருந்துக்கு இணங்காத மனச்சோர்வு' என்று கேஸ் ஷீட்டில் எழுதுவது இன்றும் நடக்கிறது. அப்படி எழுதப்பட்டவற்றில் கணிசமானவை மாத்திரைக் கணக்கைச் சரிபார்த்தாலே கலைந்துவிடும்.

லாட்ஜில் ஏழு மாதம்

செஸ்ட்நட் லாட்ஜ் ஏதோ பேர் தெரியாத இடமன்று. 1910இல் தொடங்கப்பட்டது. 1935 முதல் 1957இல் இறக்கும்வரை புகழ்பெற்ற உளப்பகுப்பாய்வாளர் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் பணியாற்றிய இடம். மனச்சிதைவு நோயாளியைக்கூட மருந்தில்லாமல் ஆழ்ந்த உளப்பகுப்பாய்வால், அதாவது உள்மனதைத் துருவும் நீண்ட பேச்சுச் சிகிச்சையால், குணப்படுத்தலாம் என்ற நம்பிக்கையின் கோட்டை அது. அங்கே ஓஷெராஃபுக்கு வாரம் நான்கு முறை தனிநபர் உளவழிச் சிகிச்சை நடந்தது. மனச்சோர்வு மருந்து எதுவும் தரப்படவில்லை.

அந்த ஏழு மாதத்தில் அவர் உடலில் நேர்ந்தவை இவை: எடை 40 பவுண்டு, அதாவது சுமார் 18 கிலோ குறைந்தது. தூக்கம் கெட்டது. வார்டில் ஓயாமல் நடந்துகொண்டே இருந்தார். பாதங்கள் வீங்கிக் கொப்புளம் வெடித்து, அதற்குத் தனியாக மருத்துவம் பார்க்க வேண்டியதாயிற்று.

கவலைப்பட்ட குடும்பத்தார் வாஷிங்டன் பகுதியிலிருந்த இன்னொரு மனநல மருத்துவரை அணுகினார்கள், அவர் தலையிட்டார். லாட்ஜின் மருத்துவர்கள் கூடி நோயாளியைப் பற்றி விரிவாக விவாதித்தார்கள். சிகிச்சையை மாற்றத் தேவையில்லை, உளப்பகுப்பாய்வே தொடரட்டும் என்று முடிவாயிற்று. அவர் மேலும் மோசமானார்.

அவர்கள் மனச்சோர்வைக் காணாமல் விட்டுவிடவில்லை. குறிப்பேட்டில் அதுவும் இருந்தது. ஆனால் சிகிச்சையை வழிநடத்தியது அதன் பக்கத்தில் எழுதப்பட்டிருந்த இன்னொரு பெயர்: நார்சிசிச ஆளுமைக் கோளாறு. தன்னைப் பற்றிய மிகைமதிப்பும் அதற்கு அடியில் ஓயாத காயமும் கொண்ட ஆளுமை என்று சுருக்கமாகச் சொல்லலாம். 1970களில் உளப்பகுப்பாய்வாளர்களான கோஹுட், கெர்ன்பெர்க் இருவரின் எழுத்துகளால் இந்தக் கருத்து உளப்பகுப்பாய்வு வட்டத்தில் கொடிகட்டிப் பறந்தது. அதிகாரபூர்வமான நோய்ப்பட்டியலுக்குள் அது நுழைந்ததோ 1980இல்தான்.

அந்தக் காலத்துப் பெயர்கள்

இதைப் படிக்கும் இன்றைய மாணவர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. லாட்ஜைவிட்டு வெளியேறி, கனெக்டிகட் மாநிலத்து சில்வர் ஹில் மருத்துவமனைக்குப் போனபோது ஓஷெராஃபுக்கு முதலில் எழுதப்பட்ட நோய், 'சைக்கோடிக் மனச்சோர்வு எதிர்வினை'. வீடு திரும்பியபோது எழுதப்பட்டது, 'பித்து-சோர்வு நோய், சோர்வு வகை'. முதல் பெயரைப் பார்த்ததும் அவருக்குப் பிறழ்நம்பிக்கைகள் (உண்மைக்கு மாறான, அசைக்க முடியாத நம்பிக்கைகள்) இருந்தன என்றும், இரண்டாவதைப் பார்த்ததும் அவருக்கு இருமுனை நோய் (சோர்வும், அளவுமீறிய உற்சாகமான பித்தும் வரும் நோய்) என்றும் இன்று வாசித்துவிடுவோம். இரண்டும் தவறான வாசிப்பு.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப்பட்டியலான டிஎஸ்எம்மின், 1968இல் வந்த இரண்டாம் பதிப்புதான் அப்போது நடப்பில் இருந்தது. அதில் 'பித்து-சோர்வு நோய், சோர்வு வகை' என்பது சோர்வுத் தாக்குதல்கள் மட்டுமே வருபவருக்கான பெயர். பித்து ஒருமுறைகூட வந்திருக்கத் தேவையில்லை. இரண்டும் மாறி மாறி வந்தால் அதற்குச் 'சுழல் வகை' என்று தனிப் பெயர் இருந்தது. 'சைக்கோடிக்' என்ற அடைமொழிக்கும் பிறழ்நம்பிக்கையோ பிரமையோ கட்டாயமில்லை. மெய்ம்மையை உணரும் திறனோ அன்றாடச் செயல்திறனோ பெரிதும் குலைந்திருந்தால் போதும். வாழ்க்கையில் நேர்ந்த ஒன்றுக்கு எதிர்வினையாக வந்ததாகவும், முன்பு திரும்பத் திரும்பச் சோர்வு வந்திராததாகவும் இருந்தால் 'எதிர்வினை'. அத்தனை கடுமை இல்லாமல், உள்முரண்பாட்டிலோ ஓர் இழப்பிலோ பிறந்தால் 'மனச்சோர்வு நியூரோசிஸ்'. இவை போக, நடுவயதுக்கு மேல் முதன்முறையாக வரும் பதற்றமும் கடுந்தூக்கமின்மையும் கலந்த சோர்வுக்கு 'இன்வல்யூஷனல் மெலங்கோலியா' என்று ஒரு பெட்டி.

ஆகவே சில்வர் ஹில்லின் இரு பெயர்களுக்கும் இடையில் உண்மையான ஒரு நகர்வு இருக்கிறது. சேரும்போது, வாழ்க்கை நெருக்கடிக்கு வந்த கடுமையான எதிர்வினை என்று கருதினார்கள். முன்பு வந்துபோன தாக்குதல்களையும் மருந்துக்கு அவர் தேறிய விதத்தையும் பார்த்த பிறகு, திரும்பத் திரும்ப வரும் உயிரியல் நோய் என்ற பக்கத்துக்கு வந்தார்கள். இன்றைய பேச்சில், மீள்நிகழ் மனச்சோர்வு. தொண்ணூறுகளுக்குப் பின் எழுதிய சிலர் அவரை இருமுனை நோயாளி என்று சொல்வது, பழைய பெயரைப் புதிய அகராதியில் தேடிய பிழை.

பிரித்தறிதல்

வகை பிரிப்பதற்கு முன் உடலைப் பார்க்க வேண்டும். ஏழு மாதத்தில் 18 கிலோ இழந்தவருக்கு மனச்சோர்வு என்று நூறு விழுக்காடு தெரிந்தாலும், தைராய்டு, இரத்தச் சர்க்கரை, கணையப் புற்று, ஸ்டீராய்டு மிகைநிலை, மது என்ற வரிசையைத் தாண்டாமல் மேலே போகக் கூடாது. கணையப் புற்று சில சமயம் வயிற்று வலிக்கு முன்பே மனச்சோர்வாகத் தலைகாட்டும். நோயாளி தானே மருத்துவர் என்றால் இந்தப் படி இன்னும் எளிதாக விட்டுப்போகும். அவரே பார்த்துக்கொண்டிருப்பார் என்று நாம் நினைக்கிறோம், நீங்கள் பார்த்திருப்பீர்கள் என்று அவர் நினைக்கிறார்.

அடுத்தது நடை. ஓஷெராஃபின் ஓயாத நடைதான் இந்த நிகழ்வின் மையம் என்பது என் எண்ணம். அதற்கு நான்கு விளக்கங்கள் கொடுக்கலாம், நான்கும் வெவ்வேறு சிகிச்சைக்கு இட்டுச் செல்லும். ஒன்று, பதற்ற நோயின் அமைதியின்மை. அது கவனத்தைத் திருப்பினால் சற்றே அடங்கும். பிடித்த ஆள் வந்து பேசினால் நோயாளி உட்காருவார். இரண்டு, அகதீசியா. சைக்கோசிஸ் (மெய்ம்மை உணர்வு குலைந்த நிலை) மருந்துகளின் பக்கவிளைவாகக் கால்களில் எழும் பொறுக்க முடியாத உந்துதல். லாட்ஜில் அந்த மருந்துகளே தரப்படாததால் இது அடிபட்டுப் போகிறது. பிற்பாடு சில்வர் ஹில்லில் அவ்வகை மருந்தான ஃபீனோதயசீன் தொடங்கிய பிறகு அவர் நடந்திருந்தால் இந்தக் கேள்வியை மறுபடி கேட்க வேண்டியிருந்திருக்கும். மூன்று, பித்தும் சோர்வும் கலந்த நிலை. நான்கு, மெலங்கோலியாவின், அதாவது தூக்கம், பசி, அசைவு என உடலையே பிடித்தாட்டும் கடுஞ்சோர்வு வகையின், உடற்கிளர்ச்சி: இலக்கற்ற நடை, கைபிசைதல், ஒரு கவளம் உண்ணும் நேரம்கூட உட்கார முடியாமை, எந்த ஆறுதலுக்கும் அடங்காமை. பாதம் கொப்புளித்த பிறகும் நிற்க முடியவில்லை என்பது நான்காவதையே சுட்டுகிறது. வலி தடுக்கவில்லை, அதுவே அந்தக் கிளர்ச்சி விருப்பத்துக்குக் கட்டுப்பட்டதில்லை என்பதற்குச் சாட்சி.

கலப்பு நிலையைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனெனில் தவறினால் ஆபத்து. அங்கேயும் நோயாளி உறங்குவதில்லை, அங்கேயும் நடக்கிறார். வேறுபாட்டைத் தூக்கத்தில் தேடலாம். 'உறக்கம் வரவில்லையே' என்று புழுங்குபவருக்குத் தூக்கமின்மை. 'உறக்கமே தேவைப்படவில்லை' என்று உற்சாகமாக எழுபவருக்குத் தூக்கத் தேவை குறைந்திருக்கிறது. பின்னது பித்தின் அடையாளம். எண்ணங்கள் முந்தியடிப்பது, பேச்சு பெருக்கெடுப்பது, புதுத் திட்டங்கள் முளைப்பது ஆகியவையும் அப்படியே. 2013இல் வந்த டிஎஸ்எம் ஐந்தாம் பதிப்பு 'கலப்புக் கூறுகளுடன்' என்ற அடைமொழியைக் கொண்டுவந்தபோது, எரிச்சலையும் கவனச்சிதறலையும் உடற்கிளர்ச்சியையும் வேண்டுமென்றே பட்டியலில் சேர்க்கவில்லை. சோர்விலும் பித்திலும் பொதுவாக வருபவை என்பது காரணம். அதாவது வெறும் நடையை வைத்து மட்டும் கலப்பு நிலை என்று எழுத முடியாது. இந்த ஒதுக்கல் சரியில்லை என்று வாதிடும் அறிஞர்கள் உண்டு. கிளர்ச்சியோடு கூடிய சோர்வுகளில் ஒரு பகுதியாவது இருமுனையின் முகம் என்கிறார்கள். எனக்கும் அதில் பாதி உடன்பாடுதான். ஆனால் ஓஷெராஃப் ட்ரைசைக்ளிக் மருந்தில் பித்துக்குத் தாவாமல் தேறினார் என்பது எதிர்ப்பக்கத்தில் எடை போடுகிறது.

இருமுனை நோயை முழுவதும் விலக்க அதுவும் போதாது. முதல் சோர்வு இருபத்தைந்து வயதுக்குள் வந்ததா, உறவில் யாருக்காவது பித்து வந்ததா, மனச்சோர்வு மருந்து தொடங்கிய சில வாரங்களில் திடீர் உற்சாகம் வந்ததா என்று கேட்க வேண்டும். கேட்பதும் நோயாளியை மட்டும் அன்று. சோர்வில் மூழ்கியிருப்பவருக்குத் தான் என்றைக்கோ துள்ளித் திரிந்தது நினைவுக்கு வராது. வந்தாலும் அதை நோயாகச் சொல்ல மாட்டார், 'அப்போது நான் நன்றாக இருந்தேன்' என்பார். நான்கு நாள் நீடிக்கும் லேசான பித்தை மனைவியோ தொழில் பங்காளியோதான் கவனித்திருப்பார்கள். தானே ஒரு தொழிலைக் கட்டியெழுப்பி, பல வேலைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு, தன்னம்பிக்கை ததும்ப நடந்த ஒருவரைப் பற்றி இன்னொரு கேள்வியும் எழ வேண்டும். அது நார்சிசிசமா, அல்லது மனநல மருத்துவர் அக்கிஸ்கால் போன்றவர்கள் வருணித்த, பிறவியிலேயே மேல்சுருதியில் ஓடும் மனப்பாங்கா? பின்னதென்றால் ஆளுமைக் கோளாறு என்ற பெட்டியிலிருந்து அது வெளியேறி, மனநிலை நோய்களின் குடும்பத்துக்குள் வந்துவிடும்.

இரண்டு ஆண்டுகள் வெளிநோயாளியாக இருந்தாரே, அது நீடித்த மனச்சோர்வு ஆகாதா? இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல், பெரும்பாலான நாட்கள் மந்தமாக இழுத்துக்கொண்டே போவது அதன் இலக்கணம். அதன்மேல் ஒரு கடுந்தாக்குதல் ஏறிக்கொண்டால் 'இரட்டை மனச்சோர்வு' என்று 1982இல் கெல்லரும் ஷப்பிரோவும் பெயரிட்டார்கள். ஓஷெராஃபின் வரலாறு குறுகிய தாக்குதல்களாகத் தொடங்கி, பாதி மருந்தில் பாதி தேறி, பிறகு சரிந்தது. முழுமையாகத் தீர்க்கப்படாத ஒரு தாக்குதலின் வாலாகவே அந்த இரண்டு ஆண்டுகளை வாசிக்க நான் விரும்புவேன்.

நெருக்கடிக்குப் பின் வந்த இசைவுக் கோளாறு என்று சொல்லலாமா? குடும்பத்திலும் தொழிலிலும் நெருக்கடிகள் இருக்கத்தான் செய்தன. இங்கே ஒரு பொறி. காரணம் தெரிந்துவிட்டால் நோய் சிறியதாகத் தோன்றும். 'இத்தனை நடந்தால் யாருக்குத்தான் வராது' என்று நாமே சமாதானம் சொல்லிவிடுவோம். காரணம் இருப்பதால் மெலங்கோலியா இல்லாமல் போய்விடாது. கடுஞ்சோர்வின் இலக்கணம் நிறைந்திருந்தால் இசைவுக் கோளாறு என்ற பெயருக்கு இடமே இல்லை, தூண்டுகோல் எத்தனை பெரியதாக இருந்தாலும். எதிர்வினையா உள்ளிருந்து எழுந்ததா என்ற பழைய பிரிவினையைக் காரணத்தை வைத்துச் செய்ய முடியாது என்பதை 1963இலேயே நியூகாசிலில் கைலோவும் கார்சைடும் செய்த ஆய்வு வேறு வழியில் காட்டியது. அறிகுறிகளின் கூட்டத்தை வைத்துத்தான் இரண்டு வகைகளும் அங்கே பிரிந்தன.

ஆளுமையா, நோயா?

லாட்ஜின் மருத்துவர்கள் முட்டாள்கள் இல்லை. அவர்கள் கண்ணால் கண்டது உண்மையானதாகவே இருந்திருக்கும்: தன்னைப் பற்றியே பேசுகிறார், தான் இழந்ததையே சொல்லிச் சொல்லிப் புலம்புகிறார், பிறர் மேல் குறைகூறுகிறார், ஊழியர்களைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார். ஆனால் கடுமையான மெலங்கோலியா எந்த மனிதரையும் இப்படித்தான் ஆக்கும். கவனம் முழுவதும் தன் அழிவின்மேல் குவிந்துவிடுகிறது; ஒரே வாக்கியம் நாளெல்லாம் திரும்புகிறது; அன்பானவர்கள்கூடத் தொலைவில் தெரிகிறார்கள். அதைத் தன்மோகம் என்று படிப்பது, வெள்ளத்தில் தத்தளிப்பவனின் கையசைவைப் பார்த்து அவனுடைய குணத்தை எழுதுவதற்கு ஒப்பு.

ஆளுமைக் கோளாறு என்பது இளம்பருவம் முடியும் காலத்திலிருந்தே, வீட்டிலும் வேலையிலும் நட்பிலும் ஒரேபோல ஓடி வரும் ஒரு வார்ப்பு. அதற்கான சான்றைத் தாக்குதல் தொடங்குவதற்கு முந்தைய ஆண்டுகளில் தேட வேண்டும், தாக்குதலின் நடுவில் வார்டில் நடந்ததைவைத்து எடுக்கக் கூடாது. அவருக்கு அந்தக் கோளாறு உண்மையிலேயே இருந்திருக்கவும் கூடும், நான் மறுக்கவில்லை. இருந்தாலும் வரிசை மாறாது. இரண்டும் சேர்ந்திருக்கும்போது, உயிரைக் குடிக்கக்கூடியதும் சில வாரங்களில் மாறக்கூடியதுமான ஒன்றை முதலில் தீர்த்துவிட்டு, எஞ்சியதை ஆளுமை என்று வாசிக்கலாம்.

வார்டில் இதற்கு உதவும் ஒரு கருவியைப் பிற்காலத்தில் சிட்னியில் கோர்டன் பார்க்கரின் குழு உருவாக்கியது. கோர் என்று பெயர். 18 அறிகுறிகள்; அத்தனையும் மருத்துவர் கண்ணால் பார்த்து மதிப்பிட வேண்டியவை. முகத்தின் அசையாமை, விடைசொல்லத் தாமதம், நடையின் வேகம், கிளர்ச்சி போன்றவை. நோயாளி என்ன சொல்கிறார் என்பதைவிட உடல் என்ன செய்கிறது என்பதை எண்ணும் கருவி. ஓஷெராஃபின் பேச்சை வாரம் நான்கு முறை கேட்ட இடத்தில் அவருடைய பாதங்களுக்கு இதில் மதிப்பெண் கிடைத்திருக்கும்.

மொத்தக் கூட்டுத்தொகை இந்த வேலையைச் செய்யாது. 1960இல் மாக்ஸ் ஹாமில்டன் வெளியிட்ட மனச்சோர்வு அளவுகோலில் தூக்கத்துக்கே மூன்று கேள்விகள், கிளர்ச்சிக்கும் எடைக்கும் தனிக் கேள்விகள் உண்டு. ஆனால் எல்லாவற்றையும் கூட்டி ஓர் எண்ணாக்கியதும், அழுதுகொண்டு படுத்திருப்பவரும் பாதம் வெடிக்க நடப்பவரும் ஒரே மதிப்பெண்ணில் வந்து நிற்பார்கள். டிஎஸ்எம் முறையில் ஒன்பது அறிகுறிகளில் ஐந்து, இரண்டு வாரம், அவற்றுள் சோர்வு அல்லது ஆர்வமிழப்பு என்று கணக்கிட்டால், ஒரே நோய்ப்பெயருக்கு 227 வழிகளில் தகுதி பெறலாம். ஐந்தாம் பதிப்பின் களச்சோதனையில் இரு மருத்துவர்கள் கடுஞ்சோர்வு என்ற ஒரே முடிவுக்கு வந்த ஒப்புமைக் குறியீடு 0.28தான் (முழு ஒப்புமை என்றால் 1). மெலங்கோலியாவைத் தனி நோயாக்க வேண்டும் என்று 2010இல் பார்க்கரும் வேறு பலரும் எழுதினார்கள். நடக்கவில்லை, அது அடைமொழியாகவே நின்றுவிட்டது. எனக்கு இதில் மனக்குறை உண்டு. அடைமொழியை எழுத மறந்தால் கேட்பார் இல்லை.

சில்வர் ஹில்

ஏழு மாத முடிவில் குடும்பத்தார் அவரை சில்வர் ஹில்லுக்கு மாற்றினார்கள். அங்கே ஃபீனோதயசீனும் ட்ரைசைக்ளிக்கும் சேர்த்துத் தொடங்கப்பட்டன. மூன்று வாரத்துக்குள் முன்னேற்றம் தெரிந்தது. மூன்று மாதத்துக்குள் வீடு திரும்பினார். மருத்துவத் தொழிலை மீண்டும் தொடங்கினார். மாத்திரையும் உளவழிச் சிகிச்சையும் இரண்டுமே வெளியில் தொடர்ந்தன.

மருந்துக்குத் தேறினார் என்பதால் வகை உறுதியாகிவிட்டதா? அந்த வாதத்தை நான் முழுதாக ஏற்கவில்லை. இரண்டு மருந்தும் ஒன்றாகத் தொடங்கப்பட்டதால் எது வேலை செய்தது என்று பிரிக்க முடியாது. ஃபீனோதயசீன் கிளர்ச்சியை நேரடியாகத் தணித்திருக்கலாம். பிறழ்நம்பிக்கை ஏதும் இருந்திருந்தால் அதைக் கரைத்திருக்கலாம். அல்லது, அவ்வகை மருந்துகளில் சில கல்லீரலில் ட்ரைசைக்ளிக் சிதைவதைத் தடுத்து இரத்தத்தில் அதன் அளவைக் கூட்டுபவை. முன்பு எட்டாத டோஸ் இப்போது எட்டியிருக்கலாம். பிறழ்நம்பிக்கை கொண்ட சோர்வுக்கு இமிப்ரமின் மட்டும் போதாது என்று கிளாஸ்மனின் குழு 1975இலேயே எழுதியிருந்தது. ஸ்பைக்கரின் குழு 1985இல் வெளியிட்ட சோதனையில் அமிட்ரிப்டிலின் என்ற ட்ரைசைக்ளிக்கும் பெர்ஃபெனசின் என்ற ஃபீனோதயசீனும் சேர்த்துப் பெற்றவர்களில் 78 விழுக்காட்டினர் தேறினர். அமிட்ரிப்டிலின் மட்டும் பெற்றவர்களில் 41, பெர்ஃபெனசின் மட்டும் பெற்றவர்களில் 19. சில்வர் ஹில் மருத்துவர்கள் அந்தச் சான்றுக்கு ஆறு ஆண்டு முன்பே அனுபவத்தால் சரியான கூட்டைத் தொட்டிருந்தார்கள்.

வழக்கு

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1982இல் ஓஷெராஃப் வழக்குத் தொடுத்தார். தவறான சிகிச்சையால் தொழிலும், சக மருத்துவர்களிடையே மதிப்பும், இரண்டு பிள்ளைகளின் பொறுப்பும் கைவிட்டுப் போனதாகச் சொன்னார். 1983இல் நடுவர் குழு அவருக்குச் சார்பாக 2,50,000 டாலர் என்று தீர்மானித்தது. இரு தரப்பும் மேலே போயின. 1987இல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஆயிற்று. அதனால் சட்ட முன்னுதாரணம் ஏதும் உருவாகவில்லை. பெரிய விவாதம் 1990இல்தான் வெடித்தது. பயனுள்ள சிகிச்சையைப் பெறுவது நோயாளியின் உரிமை என்று மனநல மருத்துவர் ஜெரால்ட் கிளெர்மன் எழுதினார்; ஒரு சிந்தனைப் பள்ளியின் அளவுகோலைச் சட்டமாக்கி மற்றதை அடக்கக் கூடாது என்று ஹார்வர்டின் ஆலன் ஸ்டோன் மறுத்தார். கிளெர்மன் பேச்சுச் சிகிச்சைக்கு எதிரி என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: மனச்சோர்வுக்கான இன்டர்பர்சனல் சிகிச்சையை (உறவுச் சிக்கல்களை மையமாகக் கொண்ட பேச்சுச் சிகிச்சை) மிர்னா வைஸ்மனுடன் சேர்ந்து வகுத்தவரே அவர்தான். சோதித்துப் பார்க்கப்பட்ட பேச்சுச் சிகிச்சைக்கும் சோதிக்கப்படாததற்கும் இடையில்தான் அவர் கோடு கிழித்தார்.

ஸ்டோனின் வாதத்தில் எனக்குப் பிடித்த பகுதியும் உண்டு. ஒரு நோயாளியின் கதை ஆய்வுச் சான்றாகாது என்பது சரியே. ஆனால் அது இரு பக்கமும் வெட்டும் கத்தி. லாட்ஜ் தன் முறையை நியாயப்படுத்தியதும் தனித்தனிக் கதைகளைக் கொண்டுதான். அங்கேயே பணியாற்றிய தாமஸ் மெக்லாஷன் தம் மருத்துவமனையின் பழைய நோயாளிகளைத் தேடிப்பிடித்து 1984இல் வெளியிட்ட பின்தொடர் ஆய்வு, மனச்சிதைவு நோயாளிகளில் மூன்றில் இரு பங்கினர் தட்டுத்தடுமாறியோ அதைவிட மோசமாகவோதான் வாழ்கிறார்கள் என்று காட்டியது. வெளியாட்கள் சொன்ன எதையும்விட அந்த நேர்மை கனமானது. லாட்ஜ் 2001இல் மூடப்பட்டது.

இன்றைய கேஸ் ஷீட்டில்

இதே நோயாளி இன்று வார்டுக்கு வந்தால் நான் எழுதுவது: மீள்நிகழ் மனச்சோர்வு, இப்போதைய தாக்குதல் கடுமையானது, மெலங்கோலியாவுடன், உடற்கிளர்ச்சி முனைப்பாக. சைக்கோசிஸ் என்ற கட்டத்தை முதல் நாளே நிரப்ப மாட்டேன். வறுமை, குற்றம், நோய் என்ற மூன்று திசைகளில் நேரடியாகக் கேட்பேன்: சொத்தெல்லாம் போய்விட்டது என்று நம்புகிறாரா, தண்டனைக்கு உரியவர் என்று நம்புகிறாரா, உடலுக்குள் அழுகிவிட்டது என்று நம்புகிறாரா. இழப்பு உண்மையாகவே நேர்ந்தவரிடம் இந்தக் கோடு மெல்லியது. தொழிலை இழந்தவர் 'தொழில் போயிற்று' என்பது உண்மை. 'இனி எனக்கு எதுவும் எந்நாளும் இல்லை' என்பது அவநம்பிக்கை. 'என்னால் ஊரே அழிந்தது' என்பது பிறழ்நம்பிக்கை. மூன்றும் ஒரே மூச்சில் வரும்.

ஆளுமை என்ற இடத்தில் 'ஒத்திவைக்கப்பட்டது' என்று எழுதி, தேறிய பிறகு ஆறு மாதம் கழித்து நாள் குறிப்பேன். இருமுனை என்ற இடத்தில் 'சான்று இல்லை, ஒவ்வொரு வருகையிலும் கேட்க' என்று எழுதுவேன். கிளர்ச்சியோடு கூடிய மெலங்கோலியாவில் தற்கொலை அபாயம் அதிகம் என்பதால் முதல் நாளிலிருந்தே தனியாக விடாத ஏற்பாடு. எடையைக் கிழமைதோறும் பதிவது, தண்ணீரும் உணவும் எவ்வளவு உள்ளே போகிறது என்று கணக்கு வைப்பது, பாதங்களுக்கு மருந்து.

மருந்தோடு மின் அதிர்வு சிகிச்சையையும் முதல் வாரத்திலேயே குடும்பத்தாரிடம் பேசிவிடுவேன். கடைசிப் புகலிடமாக அதை ஒத்திப்போடுவது நம்மிடையே வேரூன்றிய வழக்கம். இந்த வகைக்கு அது பொருந்தாது. 2001இல் வெளியான ஓர் அமெரிக்கக் கூட்டாய்வில், அந்தச் சிகிச்சையை முடித்தவர்களுள் சைக்கோசிஸ் கூறுகள் இருந்தவர்களில் 95 விழுக்காட்டினரும் இல்லாதவர்களில் 83 விழுக்காட்டினரும் முழுமையாகத் தேறினார்கள். வேறு எந்த மருந்துக்கும் அவ்வளவு எண்ணிக்கை கிடையாது. வகையைச் சரியாகப் பிரித்தால் மட்டுமே அந்த எண் நோயாளிக்குப் பயன்படும். நீடித்த மந்தச் சோர்வுக்கு அதே சிகிச்சை அவ்வளவு பலன் தராது.

உளவழிச் சிகிச்சைக்கு இடம் உண்டு. அவர் உட்கார்ந்து ஒரு மணிநேரம் பேச முடிகிற நாளிலிருந்து. குடும்பத்தாரோடு பேச்சு அதற்கும் முன்பே, சேர்ந்த நாளிலேயே தொடங்க வேண்டும். ஓஷெராஃப் நிகழ்வில் வார்டுக்கு வெளியே இருந்து சரியாகக் கவனித்தவர்கள் அவர்கள்தான்.

இரண்டாம் முறையோ மூன்றாம் முறையோ வந்த தாக்குதல் என்பதால், தேறிய பிறகும் அதே டோஸில் குறைந்தது இரண்டு ஆண்டு. டோஸைக் குறைக்கும் பேச்சு அதற்குப் பிறகுதான் வரும். அதுவும் முந்தைய தாக்குதல்களின் கடுமையைப் பார்த்து, சில மாதங்களாகப் படிப்படியாக, அதிகாலை விழிப்பு திரும்புகிறதா என்று வீட்டார் கவனிக்க.